நன்கொடை சொல்லும் சங்கு

ராமநாதபுரத்தில் அன்று காலை ஆட்டோ கிடைக்கவில்லை. கிடைத்த ஆட்டோவெல்லாம் ஒரே கல்யாண மண்டபத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. உள்ளே கல்யாணம் இல்லை. 'தர்ம ஸ்தாபனங்களுக்கான நிதி ஈர்ப்பு முகாம்'. வாசலில் பேனர். அதில் கையில் வலம்புரிச் சங்குடன் சங்குநாத சுவாமிகள் சிரித்துக்கொண்டிருந்தார். "நன்கொடை வரவில்லையா? யார் கொடுப்பார், யார் கொடுக்கமாட்டார்? சங்கு சொல்லும்!"

முதியோர் இல்லம் நடத்துகிறவர், கோசாலை வைத்திருப்பவர், இலவச டியூஷன் எடுப்பவர் என்று மண்டபம் பிதுங்கியது. ஊரெல்லாம் கேட்டு வாங்கிப் பழகிய கைகள் அங்கே வரிசையில் நின்று காணிக்கை கொடுத்துக்கொண்டிருந்தன. வாங்குகிறவர்களிடமே வாங்குவதற்கு ஒரு தனித் திறமை வேண்டும். அது சுவாமிகளிடம் இருந்தது.

முறை எளிது. கொடையாளியின் பெயரைச் சொல்ல வேண்டும். கேட்பவரின் உள்ளங்கையில் சுவாமிகள் சங்கை வைப்பார். ஒரு கரண்டி சேது தீர்த்தம் ஊற்றுவார். மந்திரம் முணுமுணுப்பார். சங்கு சுட்டால் அந்த ஆள் நிச்சயம் கொடுப்பார். குளிர்ந்தே இருந்தால் தடை. தடைக்குச் சாந்தி பூஜை. பூஜைக்குத் தனிக் கட்டணம்.

"சுடுது சாமி! ஐயோ, கையெல்லாம் சுடுது!" என்று கோசாலைக்காரர் ஆனந்தக் கண்ணீர் வடித்தார். கை பொரிந்துபோனதற்கு இப்படிச் சந்தோஷப்பட்ட மனிதரை அந்த ஊர் அதற்குமுன் பார்த்ததில்லை.

முன்வரிசையில் இருந்தவர் தொண்டி நாகேந்திரன். நல்ல மனிதர். தொண்டியிலிருந்து சிறுநீரக நோயாளிகளை ராமநாதபுரத்துக்கு டயாலிசிஸ் செய்ய இலவசமாக வேனில் அழைத்து வருகிறவர். சில வாரங்களாக வேன் ஓடவில்லை. கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்திவிட்டார்கள். ஏன் நிறுத்தினார்கள் என்று அவர்களையே கேட்டிருக்கலாம். அவருக்குக் கூச்சம். ஆகவே மிச்சமிருந்த டீசல் காசைக் கட்டி, முன்வரிசைச் சீட்டு வாங்கிச் சங்கைக் கேட்க வந்துவிட்டார்.

அந்த வேனில் வரவேண்டிய கருத்தம்மாள் அன்று விடியற்காலையில் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து டயாலிசிஸ் முடித்திருந்தாள். களைப்பில் கால் பின்னியது. நாகேந்திரன் மண்டபத்தில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, வேன் எப்போது ஓடும் என்று கேட்க வந்தாள். வாசலில் வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஓர் அம்மாவும் அதே ஆளை விசாரித்துக்கொண்டிருந்தார்.

"தொண்டி வேன்காரத் தம்பியா? உள்ளதான் இருக்காரு. வாங்க தாயி, இங்கன உக்காருவோம்" என்று கருத்தம்மாள் அவரைக் கூட்டிக்கொண்டு மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தாள்.

நாகேந்திரனின் முறை வந்தது. கையில் சங்கு ஏறியது.

"பேரு?"

"உம்மு ஹபீபா, சாமி. பெரியபட்டினம். எங்களுக்கு ரொம்பப் பெரிய தொகை அனுப்பிக்கிட்டிருந்தவங்க. திடீர்னு நிப்பாட்டிட்டாங்க."

தீர்த்தம் வழிந்தது. மந்திரம் ஓடியது. சங்கு மீன்பெட்டி ஐஸ் மாதிரி கிடந்தது.

"குளிர்ச்சி!" என்றார் சுவாமிகள் வருத்தத்துடன். "அந்தம்மா கடல் தாண்டிப் போயிட்டாங்க மகனே. துபாய்ப் பக்கம் தெரியுது. மனசு கல்லாப்போச்சு. பெரிய சாந்தியாப் பண்ணணும்."

மூன்றாம் வரிசையில் வெள்ளைத் துப்பட்டி எழுந்தது.

"துபாயில எந்தப் பக்கம் சாமி?"

"அது... கடற்கரையோரமா ஒரு பெரிய கட்டடம்."

"அப்படியா? எனக்குப் பாஸ்போர்ட்டே இல்லையே. நான்தான் உம்மு ஹபீபா."

மண்டபம் சிரித்தது. நாகேந்திரன் சிரிக்கவில்லை. மூன்று வருடம் தன் வேன் ஓடக் காசு அனுப்பிய அம்மாவின் முகத்தை அவர் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

சுவாமிகள் லேசில் சாய்கிற ஆள் இல்லை. "உடம்பு இங்கன இருக்கலாம். சங்கு மனசைத்தான் சொல்லும்!"

"நல்லதாப் போச்சு" என்றார் உம்மு ஹபீபா. "கொடுக்கிறதா வேணாமான்னு எம் மனசுல ஒரு நிய்யத்து, ஒரு முடிவு வச்சிருக்கேன். அதை இந்தக் கருத்தம்மாகிட்ட முன்னாடியே சொல்லிட்டேன். சங்கு சரியாச் சொல்லட்டும், நானே காணிக்கை வைக்கிறேன். ஆனா தண்ணி என் பாட்டில் தண்ணி. ஊத்துறது நான். அதுக்கு முன்னாடி சங்கை ஒருக்காக் கவுத்துக் காட்டிருங்க."

"சங்கைக் கவுக்கக் கூடாது! லட்சுமி போயிருவா!"

"எங்க சாமி போகப்போறா? கதவுதான் சாத்தியிருக்கே" என்றாள் கருத்தம்மாள். களைப்பையும் மீறி மேடையேறி, நாகேந்திரனின் கையிலிருந்த சங்கை எடுத்துக் கவிழ்த்தாள்.

லட்சுமி விழவில்லை. துணியில் முடிந்த ஒரு வெள்ளைக் கட்டி விழுந்தது. உம்மு ஹபீபாவும் மேடையேறி, அதைக் காணிக்கைத் தட்டில் போட்டு, பாட்டிலைச் சாய்த்தார். சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு உஸ்ஸென்று சத்தம். தட்டிலிருந்து ஆவி கிளம்பியது.

"இது நீத்தாத சுண்ணாம்புல்ல!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். "வெள்ளையடிக்கத் தண்ணி ஊத்துனா இப்படித்தான கொதிக்கும்!"

தீர்த்தத்தைச் சங்குக்குள் ஊற்றினால் சூடு. வெளியே வழியவிட்டால் குளிர்ச்சி. காணிக்கை கனமாக இருந்தால் உள்ளே. இன்னும் கறக்கலாம் என்று தோன்றினால் வெளியே. அவ்வளவுதான் ஞானம். கோசாலைக்காரர் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். சுவாமிகள் பின்கதவை நோக்கி நகர்ந்தார். அங்கே முதியோர் இல்லத்துத் தலைவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கட்டிய காணிக்கையைத் திருப்பி எண்ணி வைக்கும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.

நாகேந்திரன் உம்மு ஹபீபாவின் முன்னால் தலைகுனிந்து நின்றார்.

"ஏம்மா நிப்பாட்டுனீங்க?"

"இதை என்கிட்டக் கேக்க இவ்வளவு நாளா தம்பி? எங்க வீட்டுக்காரர் மவுத்தானதே கிட்னியிலதான். அவர் பேரால அனுப்பிக்கிட்டிருந்தேன். ஒரு போன் உண்டா? யார் அந்த வேன்ல போறா, பொழைச்சிருக்காளான்னு ஒரு வார்த்தை உண்டா? வேன்னு ஒண்ணு இருக்கான்னே எனக்குச் சந்தேகம் வந்திருச்சு."

"போன் பண்ணா, மறுபடி காசு கேக்குறான்னு நெனைப்பீங்களோன்னு..."

"வாங்கும்போது வராத கூச்சம் நன்றி சொல்லும்போது எங்கேருந்து தம்பி வருது?"

நாகேந்திரன் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தாயி என்கிட்டச் சொன்னதைச் சொல்லிரவா?" என்று கருத்தம்மாள் கேட்டாள். "கொடுக்கணும்னுதான் வந்தேன்னு சொன்னாங்க. வேனை ஒருக்கா நேர்ல பாத்துட்டுக் கொடுக்கணுமாம்."

மத்தியானம் மண்டபத்துப் படியில் உட்கார்ந்து நாகேந்திரன் பழைய கொடையாளிகளுக்குப் போன் போட ஆரம்பித்தார். முதல் ஆள் ராங் நம்பர் என்று வைத்துவிட்டார். அடுத்தவர் திட்டினார். அதற்கடுத்தவரிடம் நாகேந்திரன் திணறியபோது, கருத்தம்மாள் போனைப் பிடுங்கினாள்.

"ஐயா, நான் கருத்தம்மா. நீங்க போட்ட டீசல்லதான் போன வருசமெல்லாம் படுத்துக்கிட்டே வந்து போனேன். உசுரோட இருக்கேன். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"வேன் இப்ப ஓடுதாம்மா?" என்று மறுமுனையில் ஒரு குரல் கேட்டது.

அடுத்த வாரம் ஓடியது. முன்சீட்டில் உம்மு ஹபீபா உட்கார்ந்து வந்தார். வழியெல்லாம் நோயாளிகள் அவருக்குக் கதை சொன்னார்கள்.

சுவாமிகள் இப்போது கமுதிப் பக்கம் இருப்பதாகக் கேள்வி. மிளகாய் விலை ஏறுமா என்று இளநீர் சொல்கிறதாம். நல்ல கூட்டமாம். போகிறவர்கள் தாராளமாகப் போகலாம். செருப்பை வாசலில் விடச் சொல்வார்கள், விடுங்கள். மூளையையும் சேர்த்து அங்கேயே விட்டுவிடாதீர்கள்.