ஜி பதினாலில் உட்கார வேண்டாம்

என் மேல் பிரியமுள்ள மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் எழுதுவது. கடிதம் என்றால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்பதால் விசாரிக்கிறேன். அம்மா நலம். தையல் மிஷின் நலம். நான் நலமா இல்லையா என்பதைக் கடைசி வரிவரை படித்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். அத்தையின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். நீங்கள் பாதி நாள் லிஃப்டுக் குழிக்குள் இருக்கிறீர்கள், அங்கே சிக்னல் கிடையாது. மீதி நாள் போனை அத்தை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு, "ஊமைக்கோட்டான் பேசுது, எல்லாரும் வந்து கேளுங்க" என்று வீட்டையே கூட்டிவிடுவார்கள். அதனால்தான் கடிதம். விஷயம் ஒன்றுதான். கோட்டைப் படத்தின் இரண்டாம் பாகம் பார்க்க ஞாயிற்றுக்கிழமை எங்கள் தியேட்டருக்கு வருவதாக அம்மாவிடம் சொன்னீர்களாம். வர வேண்டாம். வந்தாலும் ஜி பதினாலில் உட்கார வேண்டாம். ஏன் என்று எழுதுகிறேன். சிரிக்காமல் படியுங்கள்.

நீங்கள் சொல்லி இந்தத் தியேட்டரில் என்னைச் சேர்த்துவிட்டபோது எனக்குக் கொடுத்தது பெருக்குகிற வேலை. ஒரு காட்சி முடிந்து அடுத்த காட்சி தொடங்குவதற்குள் பாப்கார்ன் டப்பாக்களைப் பொறுக்கி, சீட்டுக்கு அடியில் துடைப்பம் விட்டு இழுக்க வேண்டும். காலி சீட்டுகள் என்னிடம் பேசுவதில்லை, நானும் பேச வேண்டியதில்லை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து இவ்வளவு நிம்மதியாக நான் இருந்ததே இல்லை. அதில் மண் விழுந்தது இந்த இரண்டாம் பாகத்தால்தான். முதல் பாகம் பார்த்தவர்கள் ஒரு பக்கம், நாவலைப் படித்தவர்கள் ஒரு பக்கம் என்று சண்டை போட்டுக்கொண்டிருப்பதால், யார் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதி அனுப்பும்படி படக் கம்பெனியிலிருந்து கருத்துத் தாள்கள் வந்தன. தாளுக்கு ஒரு சீட் நம்பர் அச்சடித்திருக்கும். அந்த சீட்டில் உட்கார்ந்தவரின் வயது, தொழில், அடையாளம், வெளியே வரும்போது அவர் சொன்ன வார்த்தை. அவ்வளவுதான். தேதிகூடக் கிடையாது. மேனேஜர் இருபது தாளை என் கையில் திணித்து, "மதியக் காட்சி விட்டதும் வாசல்ல நின்னு கேட்டு எழுதும்மா. உன் கையெழுத்துதான் இங்க இருக்கறதுலயே பாக்கற மாதிரி இருக்கு" என்றார்.

முதல் நாள் நின்றேன். ஒருவரிடம் போய், "சார், படம்" என்று தொடங்கினேன். அதற்கு மேல் குரல் வரவில்லை. அவர் இரக்கப்பட்டு, "பாத்ரூம் அந்தப் பக்கம்மா" என்று கை காட்டிவிட்டுப் போனார். அடுத்து ஒரு பெண்மணியின் எதிரில் தாளை நீட்டினேன். அவர் தன் காலி டப்பாவை அதன் மேல் வைத்துவிட்டு நடந்தார். நான் நேராக மாடிப்படிக்குக் கீழே துடைப்பம் வைக்கும் அறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, இருபது பேரையும் நானே உண்டாக்கினேன். சி 4, ஐம்பத்திரண்டு வயது, தலைமையாசிரியர், கையில் நீலக் குடை: "முதல் பாகத்துல ஓடின குதிர இதுல நொண்டுது." டி 7, கல்லூரி மாணவி, கோட்டை வீரர் மாதிரி சாம்பல் நிறப் போர்வை: "புத்தகத்துல ராணி சாகறா, இதுல பறக்கறா. எனக்கு ரெண்டுமே பிடிக்கல." நான் படத்தையும் பார்க்கவில்லை, நாவலையும் படிக்கவில்லை. டிக்கெட் கொடுக்கிற கவுண்டர் அக்கா சாப்பிடும்போது சொன்ன கதையை வைத்துத்தான் இவ்வளவும். மேனேஜர் படித்துவிட்டு, "பரவால்லையே, நம்ம ஜனங்க இவ்ளோ அழகா பேசுறாங்களா" என்று அசந்துபோனார். எங்கள் தியேட்டர் ரசிகர்கள்தான் மனதிலிருந்து பேசுகிறார்கள் என்று கம்பெனிக்காரர்களும் சொன்னார்களாம். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மறுநாளைக்கான இருபது தாளைக் காட்சி தொடங்கும் முன்பே எழுதி வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் கதவருகே துடைப்பத்தோடு நின்றிருந்தேன். நீலக் குடை வைத்திருந்த ஒருவர் நேராக என்னிடம் வந்து, நான் ஒன்றும் கேட்காமலே, "முதல் பாகத்துல ஓடின குதிர இதுல நொண்டுது" என்றார். அவர் என்னைப் பார்க்கவில்லை. என் காதுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல் அங்கே பார்த்தார். அவருக்குப் பின்னால் ஒரு வரிசை நின்றது. சாம்பல் போர்வைப் பெண், ஒரு கம்பவுண்டர், இரட்டைப் பிள்ளைகளோடு ஓர் அம்மா. முதல் நாள் நான் தாள் எழுதிய அதே வரிசையில் ஒவ்வொருவராக வந்து, நான் எழுதிய வார்த்தையை ஒப்பித்துவிட்டுப் போனார்கள். ரேஷன் கடை வரிசைகூட அவ்வளவு ஒழுங்காக நகராது. கடைசியாக வந்த கிழவர் மட்டும் சொல்லி முடித்ததும் குரலைத் தாழ்த்தி, "சரியா சொன்னேனாம்மா" என்று கேட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து நான் சாப்பிடவில்லை. அம்மா என்ன என்று கேட்டாள். தலைவலி என்றேன்.

பயம் ஒரு பக்கம் இருந்தாலும், இது எதுவரை போகும் என்று பார்க்கத் தோன்றாதா மாமா. கேண்டீன்காரர் இடைவேளைக்குப் பிறகு எப்போதும் போய் உட்காருகிற சீட்டின் தாளில், "படம் நல்லாருக்கு, இந்தப் பொண்ணுக்கு ஞாயித்துக்கெழம லீவு குடுங்க" என்று எழுதிப் பார்த்தேன். அவர் மேனேஜர் இருக்கும்போதே என்னிடம் வந்து, "படம் நல்லாருக்கு" என்றார். வாய் இன்னும் திறந்திருந்தது. மீதி வரவில்லை. அப்படியே மூடிக்கொண்டு போய்விட்டார். படத்தைப் பற்றியதுதான் பலிக்கிறது, எனக்குப் பிரயோசனமானது எதுவும் பலிப்பதில்லை. கம்பெனித் தாளை விட்டு வெறும் வெள்ளைத் தாளில் எழுதினாலும் ஒன்றும் நடக்கவில்லை.

சரி, எழுதாமலே விட்டுவிடுவோம் என்று ஒரு நாள் இருபதையும் காலியாக வைத்திருந்தேன். அன்றைக்குப் படம் முடிந்து விளக்கு போட்டதும் மற்றவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். அந்த இருபது சீட்டுக்காரர்கள் மட்டும் வரவில்லை. திரையில் ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளை. அதைப் பார்த்துக்கொண்டு, அங்கும் இங்கும் தனித்தனியாக, முதுகை நேராக வைத்து உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் டார்ச் அடித்து, "ஏங்க, படம் முடிஞ்சுதுங்க" என்றார். "தெரியும்" என்றார் ஒருவர், மிகவும் மரியாதையாக. யாரும் அசையவில்லை. நான் துடைப்ப அறைக்கு ஓடி, யோசிக்க நேரமில்லாமல் இருபது தாளிலும் "நல்லா இருந்துச்சு" என்று எழுதினேன். கடைசித் தாளில் பேனாவை எடுக்கும்போது இருபது சீட்டுகள் மடங்குகிற சத்தம் ஒன்றாகக் கேட்டது. இருபது பேரும் வெளியே வந்து ஒரே குரலில், "நல்லா இருந்துச்சு" என்றார்கள். மேனேஜர் தாள்களைப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. காப்பி அடிச்சியா" என்று என்னைத்தான் திட்டினார்.

போன ஞாயிற்றுக்கிழமை, தாளில் இல்லாத ஒரு சீட்டிலிருந்து ஒரு நூலகக்கார அம்மா வந்தார். கையில் அந்த நாவல், செங்கல் கனத்துக்கு, பக்கத்துக்குப் பக்கம் காகிதத் துண்டு செருகியிருந்தது. இருட்டில் டார்ச் வைத்து வரிக்கு வரி ஒத்துப் பார்த்தாராம். கோபத்தில் அவருக்கு யார் கிடைத்தாலும் போதும் போலிருந்தது, நான் கிடைத்தேன்.

"வாசல்காரிய வெட்டிட்டாங்கம்மா. படிச்சவங்க எல்லாரும் கொதிச்சுப்போயிருக்கோம். ரெண்டாம் பாகமே அவதான்."

யார் என்று கேட்பதற்கு நான் வாய் திறக்கவில்லை. முகத்தைப் பார்த்து அவரே சொன்னார்.

"கோட்டைய விட்டு வெளிய வர்றவங்க என்ன சொல்லணும்னு முன்னாடியே எழுதிவைக்கிறவ. அவ எழுதலன்னா யாரும் வெளிய வர முடியாது. ஒரு வார்த்த பேச மாட்டா. அதனாலதான் வெட்டிட்டாங்களோ என்னவோ. பேசாத பொண்ணுக்கு யாரு டிக்கெட் வாங்குவாங்க."

அவளுக்குக் கடைசியில் என்ன ஆகிறது என்று எப்படியோ கேட்டுவிட்டேன். "மூணாம் பாகத்துல வரணும். இன்னும் எழுதல" என்றார். பிறகு என் கையிலிருந்த துடைப்பத்தையும் தாள்கட்டையும் ஒரு நிமிஷம் பார்த்தார். நாவலை மார்போடு அணைத்துக்கொண்டு, என்னைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து படியிறங்கிப் போனார்.

மாமா, இனிதான் உங்கள் விஷயம். படத்தை இந்த ஞாயிற்றுக்கிழமையோடு எடுத்துவிடுகிறார்கள். அதனால் கம்பெனி இந்த வாரத்துக்கு மொத்தமாக நூற்று நாற்பது தாள் அனுப்பியது. எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டேன் அல்லவா, திங்கட்கிழமை காலையிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதினேன். யாருக்கும் கெடுதல் வரக் கூடாது என்று எல்லோரையும் பாராட்ட வைத்தேன். நூறைத் தாண்டியதும் ஆட்கள் தீர்ந்துபோனார்கள். மூக்கு, மீசை, தொழில் எல்லாம் தீர்ந்துபோயின. கடைசித் தாள் ஜி 14. யாரும் தோன்றாமல் உங்களை எழுதிவிட்டேன். வயது நாற்பத்தொன்பது, லிஃப்ட் மெக்கானிக், கண்ணாடிக்கு ஒரு பக்கம் கறுப்பு நூல், சட்டைப் பையில் டெஸ்டர். எந்தப் படம் பிடித்தாலும் நீங்கள் சொல்வீர்களே, அதையே எழுதினேன்: "வெளிய போகவே மனசு வரல." பாராட்டு என்று நினைத்துத்தான் எழுதினேன், சத்தியமாக. தாளில் தேதி இல்லாததால் யாரும் எதுவும் கேட்கவில்லை, கட்டு அன்றே கூரியரில் போய்விட்டது.

நேற்று எஃப் 9-இல் ஒரு வங்கிக் குமாஸ்தா. அவருக்கு நான் எழுதியது, "இன்னொரு தடவ பாக்கணும்." வெளியே வந்தார், அதைச் சொன்னார், அப்படியே திரும்பி கவுண்டருக்குப் போய் அதே சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அடுத்த காட்சி விட்டதும் மறுபடி அதையே சொன்னார், மறுபடி போனார். அவர் மனைவி போன் செய்தபோது, "இன்னொரு தடவ" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தார். இன்று காலை கேட்டைத் திறந்தபோது முதல் ஆளாக, ஷேவ் செய்யாமல், அலுவலகப் பையோடு நிற்கிறார். அவர் மனைவி இப்போது லாபியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறார். எழுதின வார்த்தையைச் சொல்வதோடு நிற்பதில்லை மாமா, அதன்படி நடக்கவும் செய்கிறார்கள். அவருக்கு "போதும்" என்று எழுத என்னிடம் ஒரு தாள்கூட இல்லை. உங்களுக்கும் இல்லை.

இன்னொன்று. திங்கட்கிழமையிலிருந்து ஜி 14 காலியாகவே கிடக்கிறது. கூட்டம் முட்டி மோதுகிற காட்சியிலும் அந்த சீட் விற்பதில்லை. கம்ப்யூட்டரில் யாரோ வாங்கிவிட்ட மாதிரி சிவப்பாகக் காட்டுகிறது என்கிறாள் கவுண்டர் அக்கா. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "ஜி பதினாலு சும்மாதானே கெடக்கு, உன் மாமா வந்தா இந்த பாஸக் குடு" என்று ஒரு பாஸ் எழுதிக் கொடுத்தார். அதை நான் கிழித்துப் போட்டுவிட்டேன்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே இருங்கள். தூங்குங்கள். அத்தையோடு எங்காவது போங்கள். திங்கட்கிழமை வேறு படம் வந்துவிடும், அப்போது எத்தனை தடவை வேண்டுமானாலும் வாருங்கள். உங்கள் பாதங்களையும் அத்தையின் வலிக்கிற முழங்காலையும் இங்கிருந்தே தொட்டுக் கும்பிடுகிறேன். உங்கள் லிஃப்டுகள் எல்லாம் போன மாடியிலிருந்து பத்திரமாகத் திரும்பட்டும்.

இப்படிக்கு,
சொல் தட்டாத அக்கா மகள்

பி.கு.: அத்தை, மேலே உள்ளது மாமாவுக்கு எழுதியது. அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். வர வேண்டாம் என்று எழுதியதும் ரத்து. உறையை ஒட்டும்போது கவுண்டர் அக்கா வந்து, "உன் மாமா காலையிலயே வந்துட்டாருடி. நம்ம லிஃப்ட் நின்னுபோச்சுன்னு மேனேஜர் கூப்ட்டாரு. வேலைய முடிச்சதும் மேனேஜரே கூட்டிட்டுப் போய் ஜி பதினாலுல உக்கார வெச்சுட்டாரு" என்றாள். நான் ஓடும்போதே படம் விட்டுவிட்டது. மாமா கதவு வரைக்கும் வந்தார். என் காதுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டு அந்த வார்த்தையைச் சொன்னார். மறுபடி உள்ளே போகத் திரும்பினார். அப்போது எனக்கு எங்கிருந்து குரல் வந்தது என்று தெரியவில்லை. "படம் நல்லாவே இல்லைன்னு சொல்றாங்க மாமா" என்று கத்திவிட்டேன். மாமா நின்றார். என்னை நேராகப் பார்த்தார். "யாரு சொன்னது? நீ பாத்தியா?" என்றார். இல்லை என்றேன். "பாக்காமலே பேசுவியா? வா, நான் காட்டுறேன்" என்று கையைப் பிடித்துவிட்டார். பிடி விடவில்லை, இதை மற்றக் கையால்தான் எழுதுகிறேன். அடுத்த காட்சிக்கு மணி அடித்துவிட்டது. எனக்கு ஜி 13. அந்த நம்பருக்குத் தாள் வந்ததே இல்லை, நான் என்ன சொல்லி வெளியே வருவேன் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

இதைக் கவுண்டர் அக்கா உங்கள் ஊர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவாள். முழங்கால் வலித்தாலும் உடனே புறப்பட்டு வாருங்கள். வந்து வாசல் கதவைத் திறந்து, படம் எப்படி என்று மட்டும் கேட்டுவிடாமல், வீட்டில் மாமாவைக் கூப்பிடுகிற அதே குரலில், "வர்றீங்களா இல்லையா" என்று ஒரு தடவை கேளுங்கள் அத்தை.