வாயில் பஞ்சு வைத்த தோட்டம்

உருப்படாத யோசனைகள் எல்லாம் ரொம்பக் கெட்டிக்காரத்தனமான யோசனைகளாகத்தான் முதலில் தோன்றும். எனக்குத் தோன்றிய யோசனை ஒன்று, இலங்கை மலைநாட்டில் பொகவந்தலாவைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தையே ஒரு காலைப்பொழுது நிறுத்தி வைத்தது. அப்போது எனக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. (அந்த வயதில் தோட்டத்தை நிறுத்த வேண்டுமென்றால் தொழிற்சங்கத் தலைவராக இருக்க வேண்டும். நான் வெறும் பெரிய கிளாக்கரின் மகள்.)

ஐம்பதுகளின் நடுப்பகுதி. பல் வைத்தியம் படிக்க விண்ணப்பித்து, அதற்குள் இரண்டு முறை வேண்டாமென்று திருப்பி அனுப்பப்பட்டிருந்தேன். பரீட்சையில் குறை இல்லை. நேர்முகத் தேர்வில்தான் என் வாய் எனக்கு எதிரியானது.

முதல் முறை, "ஏன் பல் வைத்தியம்?" என்று கேட்டார்கள். மனித குலத்துக்குச் சேவை செய்வது பற்றி அழகான ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். நடுவில் ஒருவர் இருமினார். எனக்கு வரி மறந்துவிட்டது. மறுபடி ஆரம்பத்திலிருந்து சொன்னேன். அதே இடத்தில் அவர் மறுபடியும் இருமினார். நானும் சளைக்காமல் மறுபடி ஆரம்பித்தேன். தலைவர் எழுந்து நின்று நன்றி சொன்ன பிறகுதான் நிறுத்தினேன்.

இரண்டாம் முறை அதே தலைவர், "இதுவரை யார் யார் வாயைப் பார்த்திருக்கிறீர்கள்?" என்றார். "என் வாயை மட்டும், கண்ணாடியில்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அவர்கள் சிரித்த சிரிப்பு, ரயிலில் ஹட்டன் வந்து இறங்கும்வரை காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

மூன்றாவது தடவை விண்ணப்பம் போட்டபோது அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"இதுதான் கடைசி. இதுலயும் இல்லேன்னா தோட்டப் பள்ளிக்கூடத்துல டீச்சரா சேந்துக்க. தொரைகிட்ட பேசி வச்சிருக்கேன்."

டீச்சர் வேலை கேவலமில்லை. ஆனால் எனக்குப் பல் வைத்தியம்தான் வேண்டும். ஏன் என்று கேட்டால் இப்போதுகூடச் சரியாகச் சொல்லத் தெரியாது. வேண்டும், அவ்வளவுதான். ஆகவே இந்த முறை நிறைய வாய்களைப் பார்த்துவிட்டுப் போவது என்று முடிவு செய்தேன். இதுதான் அந்தக் கெட்டிக்கார யோசனை.

தோட்டத்து டிஸ்பென்சரியை நடத்தியவர் அப்பாவின் சிநேகிதர். ஜனங்களுக்கு அவர் டாக்டரையா, எனக்கு மாமா. அனுமதி கேட்டேன்.

"பாக்கலாம். வலின்னா கராம்புத் தைலத்தப் பஞ்சுல தொட்டு வைக்கலாம். அதுக்கு மேல கை வைக்கக்கூடாது. பல்லு புடுங்குற குறடு இருக்கிற பக்கமே போகக்கூடாது."

"சரிங்க மாமா."

மாமாவிடம் பல் வலி என்று யாரும் வருவதில்லை. வந்தால் உட்கார வைத்து, "கண்ண மூடு" என்பார். கண்ணைத் திறக்கும்போது பல் தட்டில் கிடக்கும். அதனால் ஜனங்கள் வலியைப் புகையிலையோடு சேர்த்து மென்றுகொண்டு மலைக்குப் போய்விடுவார்கள்.

இந்த நிலையில் மாமா மருந்து எடுக்க ஹட்டனுக்குப் போனார். நல்ல மழை. நோர்வூட் பக்கம் மண் சரிந்து பாதை அடைபட்டு, அவர் அங்கேயே மாட்டிக்கொண்டார். டிஸ்பென்சரியில் நான் மட்டும்.

முதலில் வந்தவள் செல்லாயி. கொழுந்து எடுப்பவள். கடைவாயில் ஒரு பல் சொத்தை. புதையலைக் கண்டவள்போல் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். தைலத்தில் நனைத்த பஞ்சை வைத்தேன். அதோடு விட்டிருக்கலாம். படித்த திமிர் விடுமா?

"குளிர் காத்து பல்லுல படக்கூடாது. இன்னிக்கு மழையில நிக்காதீங்க" என்றேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்தில் உடம்பு முடியாதவர்களுக்கு டாக்டரையா ஒரு துண்டு எழுதிக் கொடுப்பார். அதைக் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் காட்டினால், மலைக்குப் பதிலாக ஸ்டோருக்கு அனுப்புவார்கள். ஸ்டோர் என்றால் தேயிலைத் தொழிற்சாலை. அங்கே உட்கார்ந்து தேயிலையில் குச்சி பொறுக்கலாம். அடுப்பின் சூடு, தலைக்கு மேல் கூரை, காலில் அட்டை ஏறாது, நாள் சம்பளத்துக்குப் பேரும் முழுசாக விழும். மாமா அந்தத் துண்டைத் தன் சொந்தச் சொத்தைக் கொடுப்பதுபோலத்தான் கொடுப்பார்.

செல்லாயி பெரட்டுக்குப் போய், உப்பிய கன்னத்தைக் காட்டி, "பெரிய கிளாக்கரையா மக மழையில நிக்கக்கூடாதுன்னு சொல்லிருச்சுங்க" என்றிருக்கிறாள். கங்காணி யோசித்தார். துண்டு இல்லை. ஆனால் பெரிய கிளாக்கர் வீட்டுப் பேச்சு. தட்டினால் யாருக்கு ஆபத்து? ஸ்டோருக்கு அனுப்பிவிட்டார்.

அடுத்த நாள் டிஸ்பென்சரி வாசலில் ஒரு கூட்டம். அதற்கடுத்த நாள் அந்தக் கூட்டம் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து மூலைவரை நீண்டது. ஆணும் பெண்ணும் கன்னத்தில் கை வைத்து நின்றார்கள். என் புகழ் பரவிவிட்டதாக நான் நினைத்துக்கொண்டேன். (நிஜமாகவே நினைத்தேன். வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று, "டாக்டர்" என்று ஒரு தடவை சொல்லியும் பார்த்தேன்.) வாய் வாயாகப் பார்த்துப் பஞ்சு வைத்தேன். வலிக்கவில்லை என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. பஞ்சு தீர்ந்ததும் மீதிப் பேரை மறுநாள் வரச் சொன்னேன். அவர்கள் மறுநாள் வரவில்லை. வீட்டுத் தலையணையைப் பிரித்து இலவம் பஞ்சை எடுத்து, தாங்களே வைத்துக்கொண்டு நேராகப் பெரட்டுக்குப் போய்விட்டார்கள்.

கொழுந்து தளதளவென்று வந்திருந்த பருவம் அது. அன்று காலை தோட்டத்து மேனேஜரான பெரிய தொரை மலையைச் சுற்றிப் பார்க்கப் போயிருக்கிறார். மலையில் கங்காணி மட்டும் நின்றார், வாயில் பஞ்சோடு.

ஜீப் ஸ்டோர் வாசலில் வந்து நின்ற சத்தம் எங்கள் வீடுவரை கேட்டது. போய்ப் பார்த்தால், உள்ளே நிற்க இடமில்லை. அத்தனை பேரும் ஒரு கன்னம் உப்பிப்போய், தலை குனிந்து குச்சி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு பேர் பொறுக்குவதற்குத் தேயிலை வேண்டாமா? பொறுக்கிய குச்சியையே மறுபடி கலந்து பொறுக்கினார்கள்.

"கிளாக்கர்! என்னா இது? எல்லா ஆளுக்கும் பல்லு வலியா?"

தொரைக்குத் தமிழ் தெரியும். திட்டும்போது இன்னும் நன்றாகவே தெரியும். அப்பா "எஸ் சார்" என்றார், உடனே "நோ சார்" என்றார். பிறகு என்னைப் பார்க்காமலே என் பக்கம் கையை நீட்டினார்.

தொரை என்னை மேலும் கீழும் பார்த்தார். "நல்லது. வலி உள்ள பல்லு எல்லாம் புடுங்கணும். டாக்டர் எங்கே?"

பாதை திறந்து, மாமா அப்போதுதான் மருந்துப் பெட்டியோடு லொறியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். அங்கேயே பெட்டியைத் திறந்து குறட்டை எடுத்தார். காற்றில் ஒரு தடவை கடகடவென்று திறந்து மூடினார். அவ்வளவுதான். தோட்டம் முழுக்கக் குணமாகிவிட்டது. கூடையைத் தூக்கிக்கொண்டு அத்தனை பேரும் மலைக்கு ஓடினார்கள். ஸ்டோர் முற்றமெல்லாம் பஞ்சு பறந்தது.

ஒருத்தி மட்டும் போகவில்லை. சுவரோரம் உட்கார்ந்திருந்த மூக்காயி. கன்னம் வீங்கி ஒரு கண்ணே மூடியிருந்தது.

"எனக்கு நெசமாவே வலிக்குதுங்க தொரை. ரெண்டு நாளா வரிசையில நின்னேன். எம் மொறை வரலீங்க."

தொரை என் பக்கம் திரும்பினார். "நீதானே டாக்டரா வரப் போறது? தலையைப் புடி."

பிடித்தேன். மாமா குறட்டை உள்ளே விட்டார். மரத்திலிருந்து ஆணியைப் பிடுங்குவது மாதிரி ஒரு சத்தம். ஸ்டோர் கூரை மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது.

கண் விழித்தபோது கொழுந்துச் சாக்கின் மேல் படுத்திருந்தேன். பல் போன மூக்காயி பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கையால் தன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் முந்தானையை எடுத்து எனக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

"பயப்படாதீங்க சின்னம்மா. ஒண்ணுமில்ல, ஒரு பல்லுதான்."

தொரை புறப்படும்போது அப்பாவிடம் சொன்னார்: "டீச்சர் வேலை இவளுக்கு இல்லை. நாளைக்குப் பிள்ளைகள் எல்லாம் வாயில பஞ்சு வச்சுட்டு வீட்டுல இருக்கும்."

ஆக, கையில் இருந்த ஒரே வேலையும் போயிற்று. அப்பா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். "அவளுக்குக் கொழம்பு வேணுமான்னு கேளு" என்று அம்மாவிடம் சொல்லுவார், நான் எதிரில்தான் உட்கார்ந்திருப்பேன். இரவில் போர்வைக்குள் அழுதேன். மயங்கி விழுகிறவளுக்குப் பல் வைத்தியம் எதற்கு என்று எனக்கே தோன்றிவிட்டது. ஆனாலும் ரயில் ஏறினேன். ஏறாமல் வீட்டில் இருந்தால் பேச்சில்லாத அந்தக் குழம்பை எத்தனை நாள் சாப்பிடுவது?

அதே அறை, அதே தலைவர், அதே கேள்வி. "இந்த முறையாவது யார் வாயையாவது பார்த்தீர்களா?"

"எங்கள் தோட்டம் முழுக்க, சார்" என்றேன். பிறகு நிறுத்த முடியவில்லை. பஞ்சு, கங்காணி, இலவம் பஞ்சு, குறடு எல்லாவற்றையும் சொன்னேன். மயங்கி விழுந்ததையும் சொன்னேன். இருமல்காரர் சிரித்துச் சிரித்து நிஜமாகவே இரும ஆரம்பித்துவிட்டார்.

தலைவர் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்: "இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டீர்கள்?"

அதற்கு நான் எதையும் மனப்பாடம் செய்து வைத்திருக்கவில்லை. "வலி இல்லாதவர்கள் முண்டியடித்து முன்னால் வந்துவிடுகிறார்கள், சார். வலி இருந்தவள் கடைசியில் உட்கார்ந்திருந்தாள். நான் அவள் வாயை மட்டும்தான் பார்க்கவில்லை. அது எனக்கு வெட்கமாக இருக்கிறது" என்றேன்.

"மறுபடியும் மயங்கி விழுந்தால்?"

"எழுந்துகொள்வேன், சார்."

சில வாரங்கள் கழித்து, மழையில் அப்பா ஆபீஸிலிருந்து ஓடி வந்தார். குடை கையில் இருந்தது, விரிக்க மறந்திருந்தார். நனைந்த காகிதத்தை என்னிடம் நீட்டி, "கெடச்சிருச்சும்மா" என்று நேராக என்னிடமே சொன்னார். எனக்குக் காகிதத்தைப் படிக்கக்கூடத் தோன்றவில்லை. அப்பா பேசிவிட்டார், இடம் கிடைத்துவிட்டது, இரண்டும் ஒரே நிமிடத்தில். நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்தாற்போல் இருந்தது. வாசற்படியில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து, "நல்லவேளை, தொரை அந்த டீச்சர் வேலையத் தரல" என்றார்.

படித்து முடித்து மலைநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். சேர்ந்த புதிதில் ஒரு நாள் வெளியே எட்டிப் பார்த்தால், வரிசையின் கடைசியில் மூக்காயி. இன்னொரு கடைவாய்ப் பல். அவளை முதலில் உள்ளே கூப்பிட்டேன். வந்தவள் நோயாளி நாற்காலியில் உட்காரவில்லை. சுற்றுமுற்றும் பார்த்து, மூலையில் கிடந்த ஸ்டூலை இழுத்து வந்து என் முழங்காலுக்குப் பின்னால் போட்டாள்.

"மொதல்ல நீங்க உக்காருங்க டாக்டரம்மா. அப்பறமா நான் வாயத் தொறக்கிறேன்."

நர்ஸ் அதை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். இன்றைக்கும் எங்கள் வீட்டில் ஒரு குழந்தைக்குப் பால் பல் ஆடினால் போதும், யாராவது ஒருவர் ஓடிப்போய் எனக்கு நாற்காலி கொண்டுவந்து போடுகிறார்கள். நானும் மறுக்காமல் உட்கார்ந்துவிடுகிறேன்.