தங்கள் சீர் தரம் குறையாமல் வந்துகொண்டிருக்கிறது

ஸ்ரீரங்கம்,
செவ்வாய்க்கிழமை.

பேரன்பும் பெருமதிப்பும் மிக்க மச்சான் பிச்சமுத்து அவர்களுக்கு, தங்கள் தங்கை யமுனாவின் கணவன் வளவன் வணங்கி எழுதுவது. இங்கு நான், யமுனா, கனிஷ்கா மூவரும் நலம்; வீட்டுக் கணினி ஒன்றுதான் நலமில்லை. அங்கு ஜீயபுரத்தில் தாங்களும் பொன்னுத்தாய் அக்காவும் மகன் பாலுவும் மருமகளும் நலமாக இருக்கவும், தோட்டத்துப் பூவன் வாழைகள் காற்றுக்குச் சாயாமல் நிற்கவும் விழைகிறேன். என் குரல் கேட்டதும் தாங்கள் தொலைபேசியை வைத்துவிடுகிறபடியால், வேறு வழியின்றி எழுத்து மூலம் முறையிடுகிறேன்.

வரும் ஞாயிறு கனிஷ்காவுக்கு நிச்சயதார்த்தம். தாய்மாமன் மாலை போடாமல் மணையில் உட்கார மாட்டேன் என்கிறாள் பெண். தாங்களோ, எங்கள் புதுமனை புகுவிழாவுக்குத் தாங்கள் மேளதாளத்துடன் கொண்டுவந்த பிறந்த வீட்டுச் சீர் வீடியோவிலேயே இல்லை என்று கேள்விப்பட்டு, "என் சீரு மண்டபத்துப் பெரிய திரையில, சம்பந்தி வீட்டுக்காரங்க பாக்க, பளிச்சுனு ஓடணும். ஓடுனா மாலையோட வரேன். இல்லைன்னா அன்னைக்கு எனக்குத் தோட்டத்துல வேலை இருக்கு" என்று அக்கா மூலம் சொல்லியனுப்பியிருக்கிறீர்கள். சீர் இருக்கிறது மச்சான், முழுவதுமாக இருக்கிறது. கேமராவுக்குள் இருப்பதை வெளியே கொண்டுவருவதில்தான் சில இடர்ப்பாடுகள் நேர்ந்தன.

விழாவன்று கைபேசியில் படம் எடுத்தல் கூடாது என்று வாசலில் அறிவிப்பு ஒட்டியவன் நானே. பற்றவைப்பில் மயிரிழை விரிசல் தெரிந்தாலும் கொதிகலன் குழாயைத் திருப்பி அனுப்புகிற உத்தியோகத்தில் இருப்பவன், தங்கள் சீர் செங்குத்தாகப் பிடித்த கைபேசியில், இருபுறமும் கறுப்புப் பட்டையுடன் பதிவாவதை எவ்வாறு பொறுப்பேன்? ஆகவே ட்ரைபாடில் என் கேம்கார்டரை நிறுத்தி நானே எடுத்தேன். அந்தக் கருவி நீண்ட காட்சியை ஒரே கோப்பாக வைத்துக்கொள்ளாது. ஒன்று நிரம்பியதும் மீதியை அடுத்த கோப்பில் தொடரும். இதை அறியாமல் முதல் கோப்பை மட்டும் கணினிக்கு எடுத்து, பொன்னுத்தாய் அக்காவை உட்காரவைத்துப் போட்டுக் காட்டினேன். நாகஸ்வரக்காரர் கன்னம் உப்ப வருகிறார், தவில் வருகிறது, தங்கள் வலது கால் எங்கள் கேட்டுக்குள் வருகிறது, அத்தோடு படம் நின்றுவிட்டது. "எங்க வீட்டு ஆளு கால் மட்டும்தான் சீர் கொண்டாந்துச்சா?" என்று கேட்டு எழுந்தவர்தான், அதற்குப் பிறகு நான் சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

மீதிக் கோப்புகளையும் கண்டெடுத்தேன். ஆனால் எடிட்டிங் மென்பொருள் அவற்றைத் திறக்க மறுத்தது. சத்திரம் பேருந்து நிலையத்தருகே ஸ்டூடியோ வைத்திருக்கும் ரசூலிடம் கேட்டேன். அவர் வாயில் பாக்கை ஒதுக்கிக்கொண்டு, "இந்த ஊருலேயே இதுல என்னைய அடிச்சுக்க ஆள் கிடையாது சார். உள்ள இருக்கிற படத்தைத் தொடவே கூடாது. மேல இருக்கிற உறையை மட்டும் மாத்தி விட்டா தொறந்துக்கும், ஒரு புள்ளி குறையாது. டீ குடிக்கிறதுக்குள்ள முடிச்சுடலாம்" என்றார். டீ குடிப்பதற்குள் முடிகிற வேலையில் தரம் எங்கிருந்து வரும்? ஒரு வெல்டை சோதிக்கவே எங்களுக்கு அரைநாள் ஆகிறதே என்று நான் நன்றி கூறி விடைபெற்று, முறைப்படி நானே மாற்றுவதென்று முடிவு செய்தேன். மச்சான், அங்கே பிடித்தது சனி.

இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு மாற்றியை இறக்கி, 'உச்சத் தரம்' என்பதைத் தேர்ந்தெடுத்து ஓடவிட்டேன். வந்த படத்தில், தாம்பாளம் ஏந்திய தங்கள் மார்பின் குறுக்கே, 'சோதனைப் பதிப்பு. முழுமையானதைப் பெறப் பணம் செலுத்தவும்' என்று கொட்டை எழுத்தில் நிற்கிறது. யமுனா பார்த்துவிட்டு, "எங்கண்ணன் சீர் வைக்க வந்தாரா, வசூலுக்கு வந்தாரா?" என்றாள். வேறொரு மாற்றியைப் பிடித்தேன். அதில் எழுத்து இல்லை. ஆனால் எல்லோரும் ஒல்லியாகிவிட்டார்கள். அந்தக் கேமரா தன் படத்தை ஒடுக்கிப் பதிந்து, காட்டும்போது அகலமாக விரிக்கச் சொல்லி ஒரு குறிப்பும் வைக்கிறதாம். அந்தக் குறிப்பை இந்த மாற்றி மதிக்கவில்லை. சமாதானம் பேச வந்திருந்த பொன்னுத்தாய் அக்கா திரையருகே போய்த் தம்மைப் பார்த்து, "தம்பி, இதுல மட்டும் கை வெச்சுடாதீங்க. இப்படியே இருக்கட்டும்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அக்காவுக்கு அது பொருந்தியது, மறுக்கவில்லை. ஆனால் தாங்கள் பெற்ற பிள்ளை போல் வளர்த்துத் தோளில் சுமந்துவந்த வாழைத்தார் முருங்கைக்காய்க் கட்டு போல் தொங்கியது. சீரில் வந்த பீரோவோ துடைப்பம் வைக்கிற அலமாரி மாதிரி ஆகிவிட்டது. சம்பந்தி முன்னால் இதையா காட்டுவது?

அகலத்தைச் சரிசெய்தேன். உடனே அசைந்தவர்கள் எல்லாம் சீப்பால் வாரியது போல் கோடு கோடாகப் பிரிந்தார்கள். தவில்காரர் கையை ஓங்கினால் பத்துக் கைகள்! ஒவ்வொரு படத்தையும் இரு பாதியாக, ஒரு கோடு விட்டு ஒரு கோடாகப் பதிகிற பழைய வழக்கமாம் அது. அந்தப் பாதிகளையும் சேர்த்துவைத்தேன். சேர்த்தது சேர்த்தோம், இனி எள்ளளவும் இழப்பு கூடாதென்று இழப்பே இல்லாத வகைக்கு மாற்றப் போட்டேன் பாருங்க, அந்தக் கோப்பு வீங்க ஆரம்பிச்சுது. கணினி நிரம்பிடுச்சு. கனிஷ்காவோட வன்தட்டைக் கேட்டேன், அதுவும் நிரம்பிடுச்சு. பக்கத்து வீட்டு அக்னஸ் டீச்சர்கிட்ட ஒண்ணு இரவல் வாங்குனேன், அதையும் தின்னுட்டு இன்னும் தாங்கள் கேட்டைத் தாண்டல. பெட்டியோட பின்பக்கம் அனல் அடிக்குது, யமுனா அங்க தட்டுல வத்தல் காயப்போட்டுட்டா. "நிறுத்திடாதீங்க, இன்னும் ஒரு ஈடு இருக்கு"ங்கிறா. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போச்சு மச்சான். கோப்பும் போச்சு, வத்தலும் நமுத்துப் போச்சு.

மன்னிக்கவும், உணர்ச்சிவசப்பட்டுவிட்டேன். கேம்கார்டரைத் துணிப்பையில் வைத்து, டவுன் பஸ்ஸில் மடியில் குழந்தை போல் ஏந்தி மீண்டும் ரசூலிடமே போனேன். அவர் கோப்புகளைக் கேமராவின் வரிசைப்படி ஒட்டி, உறையை மட்டும் மாற்றினார். டீ வந்தது, அதைக் குடிப்பதற்குள் முடிந்தது. தரம் குறையாமல், அகலம் குறையாமல், ஒலி இடையில் அறாமல் தங்கள் சீர் வந்துவிட்டது. தாரில் ஒவ்வொரு சீப்பும் தெரிகிறது. தங்கள் மீசை முறுக்கின் நுனி தெரிகிறது. மண்டபத்துப் பெரிய திரையில் இதே தரம் குறையாமல் ஓடும் என்பதற்கு நான் பொறுப்பு. மாலையோடு தாங்கள் வந்துசேர வேண்டும். தாங்கள் இல்லாத சபையில் என் மகளை உட்காரவைக்க எனக்கு மனம் வரவில்லை.

அக்காவுக்கு என் வணக்கம். பாலுவுக்கும் மருமகளுக்கும் என் ஆசிகள். காவிரி நிறைந்து தங்கள் வயலும் வாசலும் செழிக்கட்டும்.

என்றும் தங்கள் அன்புக்குக் கட்டுப்பட்ட
வளவன்

பின்குறிப்பு: சுத்தப் பிரதி எடுத்த கடிதத்தைக் கிழிப்பது என் வழக்கமில்லையாதலால் கீழ்க்கண்டதைச் சேர்க்கிறேன். கடித உறையை ஒட்டப் போகையில் யமுனா, "எங்கண்ணனை இன்னொரு தடவை பார்த்துக்கிறேன்" என்று படத்தைப் போட்டாள். சீரில் தாங்கள் வைத்த பித்தளைத் தவலை மீதிருந்த பட்டுத்துணி காற்றில் விலகும் இடம் வந்தது. "நிறுத்துங்க, நிறுத்துங்க! பின்னாடி ஓட்டுங்க!" என்று கத்தினாள். ஓட்டிப் பெரிதாக்கினேன். தவலையின் கழுத்தில், கண்ணாடி போட வேண்டிய அவசியமே இல்லாத தெளிவில், 'வளவன் – யமுனா அன்பளிப்பு' என்று வெட்டியிருக்கிறது. பாலுவின் திருமணத்துக்கு நாங்கள் வைத்த தவலை மச்சான்! பாத்திரக்கடையில் நின்று, ஆழமாக வெட்டுங்கள் என்று சொன்னவனே நான்தான்.

யமுனா தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு முந்தானையால் துடைத்துக்கொண்டு, "அவசரத்துல அண்ணி பரண்லேருந்து எடுத்துக் குடுத்திருப்பாங்க, பாவம். இதைச் சம்பந்தி வீட்டுக்காரங்க எழுத்துக்கூட்டிப் படிச்சா எங்கண்ணன் தலை நிமிர முடியுமா? ஒண்ணு உங்க தரம் குறையணும், இல்ல அவரு மானம் குறையணும். எதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றாள்.

ரசூலை அழைத்தேன். "அந்தப் படம் கொஞ்சம் மங்கலா வேணும்" என்றேன்.

"யாரு, வளவன் சாரா பேசுறது?"

"நான்தான். தவலையா தாம்பாளமான்னே தெரியக் கூடாது."

"அப்ப அந்த இடத்துல ரோஜாப்பூ கொட்ட விட்டுரவா சார்?"

"கொட்டுங்க" என்றேன்.

ஆகவே தாங்கள் தயங்காமல் மாலையோடு வாருங்கள். மேற்கண்ட கடிதத்தில் 'தரம் குறையாமல்' என்று வரும் இடங்களில் எல்லாம் 'தரம் குறைத்து' எனத் திருத்தி வாசிக்கவும்.