துக்க நிவாரணக் கூடாரம்

மனித குலத்தின் துக்கத்துக்கு மருந்து கண்டுபிடித்தவர்கள் யார் என்று நாளை சரித்திரம் தேடிக்கொண்டு வந்தால், அது எங்கள் அலுவலக வாசலில்தான் செருப்பைக் கழற்ற வேண்டியிருக்கும். ஞானிகள் காட்டுக்குப் போய்த் தேடினார்கள். குகைக்குள் உட்கார்ந்து தேடினார்கள். ஒரு குழு அமைத்துத் தேடலாமே என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்களுக்குத் தோன்றியது.

நாங்கள் தண்ணீர் பம்பு விற்கிறவர்கள். மாடியில் அலுவலகம், கீழே கிடங்கு. கிடங்கைப் பார்த்துக்கொள்பவரை எல்லோரும் ‘அண்ணன்’ என்றுதான் கூப்பிடுவோம். இரண்டு மாதத்துக்கு முன் அண்ணனின் மனைவி இறந்துபோனார். பிள்ளைகள் இல்லை. மறுவாரமே அண்ணன் வேலைக்கு வந்துவிட்டார். ஆனால் வாஷர் கேட்டால் வால்வைக் கொடுத்தார். வால்வைக் கேட்டால் கேட்டவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வாங்க வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். எங்கள் மேலாளருக்கு இளகிய மனசு. விற்பனை குறைந்தால் தாங்கமாட்டார்.

“அண்ணனை இப்படியே விடக்கூடாது. அவருக்கு இயற்கை வேணும்” என்றார்.

அன்று மாலையே ‘துக்க நிவாரணச் சுற்றுலாக் குழு’ பிறந்தது. மேலாளர் தலைவர். கணக்கர் பொருளாளர்; பைசாவைக்கூடக் கைவிடாதவர் என்பதால் அவருக்குத் ‘தசமப்புள்ளி’ என்று பெயர். விற்பனை அதிகாரி ‘ஏற்பாடுகள்’. எள் என்றால் எண்ணெயாக நிற்பவர் அவர். என்ன, நாம் கேட்டது எள்ளாகத்தான் இருக்கும். அடியேன் செயலாளர்.

இடத்தைத் தேர்ந்தெடுக்க நான்கு கூட்டம் ஆயிற்று. ஒரு மலை இரண்டாகப் பிளந்து, அடியில் நீலமாக ஓர் ஏரி. கரையிலும் பள்ளத்தாக்கு விளிம்பிலும் சொகுசுக் கூடாரங்கள். படத்தைப் பார்த்ததும் நாங்கள் பேச்சிழந்தோம். முதலில் பேச்சு வந்தது விற்பனை அதிகாரிக்கு. “இந்த ஏரியைக் காலி பண்ண எத்தனை குதிரைத்திறன் வேணும், சார்?”

படைத்தவன் அந்த மலையைப் பிளந்து தண்ணீரை நிரப்பியபோது ஒரு கூட்டம்கூடப் போடவில்லை என்று தெரிகிறது. அதனால்தான் அங்கே சார்ஜ் போடும் வசதி குறைவாக இருக்கிறது. அந்தக் குறைகளை நாங்கள் ஒவ்வொன்றாகக் களைந்தோம். கல் குத்தாமலிருக்க மெத்தை. பூச்சி வராமலிருக்க வலை. வெயில் படாமலிருக்கக் குடை, அந்தக் குடைக்குக் கீழே மின்விசிறி. இயற்கை நம்மைத் தொந்தரவு செய்யாமல் இயற்கையை அனுபவிப்பது எப்படி என்பதில் எங்களுக்கு இப்போது கொஞ்சம் பெயர் இருக்கிறது.

கூடாரம் துக்கத்தை உண்மையிலேயே குறைக்குமா? சோதித்துப் பார்க்காமல் நாங்கள் பம்பையே விற்பதில்லை. ஆகவே கூட்ட அறை மேசையைத் தாழ்வாரத்தில் தள்ளிவிட்டு, அறைக்குள் ஒரு கூடாரம் அடித்தோம். ஏசி மலைக்காற்றானது. விற்பனை அதிகாரியின் செல்போன் பறவைகளானது. நடுவில் இரண்டு முறை பறவைகள் நின்று, ‘உங்களுக்குக் கடன் வேண்டுமா’ என்று ஒரு பெண் கேட்டாள். மற்றபடி அசல் பள்ளத்தாக்குதான்.

அண்ணனை வரவழைத்து உள்ளே படுக்கவைத்தோம். கையில் இருந்த ஸ்பானரைக்கூட அவர் கீழே வைக்கவில்லை. கால்மணி நேரம் கழித்துக் கணக்கர் குனிந்து எட்டிப்பார்த்தார்.

“அண்ணே, துக்கம் இப்ப எப்படி இருக்கு? ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள சொல்லுங்க.”

“அதை எப்படிங்க சொல்றது?”

“சும்மா சுமாரா சொல்லுங்க.”

அண்ணன் கூடாரத்துக் கூரையைப் பார்த்தபடி யோசித்தார். “அவ இருந்திருந்தா நல்லாருக்கும்.”

“அது எண் இல்லையே” என்றார் கணக்கர், வருத்தத்தோடு.

மேலாளர் கனிவானவர். கூடார வாசலில் மண்டியிட்டு, “அண்ணே, கூச்சப்படாம கேளுங்க. உங்களுக்கு என்ன வேணும்? பட்ஜெட் இருக்கு” என்றார்.

“பகல்ல பரவாயில்லை சார். ராத்திரிதான். லைட்டை அணைச்சதும் வீடு பெருசாயிடுது. பக்கத்துல யாராவது இருமினாக்கூடப் போதும், கண்ணை மூடிடுவேன்.”

எங்கள் கண்கள் கலங்கின. ஒரு மனிதனின் தேவை இவ்வளவு தெளிவாக எந்தக் கூட்டத்திலும் சொல்லப்பட்டதில்லை. மறுநாளே விற்பனை அதிகாரி ஒரு சின்ன ஒலிபெருக்கி வாங்கி வந்தார்.

“இயற்கையான இருமல், சார். விடிய விடிய ஓடும். ஆண் குரல், பெண் குரல், ரெண்டும் இருக்கு. வேணும்னா நடுவுல ஒரு கொட்டாவியும் சேர்த்துக்கலாம்.”

சளி இருமலா வறட்டு இருமலா என்பதில் குழு இரண்டாகப் பிரிந்து விவாதித்தது. தொற்று பற்றிய பயம் எழக்கூடாது என்பதால் வறட்டு இருமல் வென்றது.

சிக்கல் வேறு இடத்தில் இருந்து வந்தது. கூடாரத்துக்கு இரண்டு கட்டில். யார் யாரோடு என்று முடிவு செய்ய வேண்டும். அலுவலகத்தில் நாற்பது பேர். முப்பத்தொன்பது பேர் அரைமணி நேரத்தில் ஜோடி சேர்ந்துவிட்டார்கள். ஒற்றைப்படையாகப் போனதால் ஒரு கூடாரத்தில் மூன்று பேர் நெருக்கிப் படுக்கவும் சம்மதித்தார்கள். விட்டுக்கொடுக்கும் மனப்பான்மை எங்கள் அலுவலகத்தில் அப்படி. அண்ணன் மட்டும் மிச்சமிருந்தார்.

“நான் படுத்துக்குவேன்” என்றார் மேலாளர், “ஆனா தலைவர் ஒருத்தர்கூட மட்டும் படுத்தா பாரபட்சம்னு பேசுவாங்க.”

“எனக்குக் குறட்டை” என்றார் கணக்கர்.

“அவருக்குச் சத்தம்தானே வேணும்?” என்றார் மேலாளர்.

“என் குறட்டை அந்த மாதிரி இல்லை, சார். சொந்த விஷயம்.”

விற்பனை அதிகாரி நெஞ்சில் கைவைத்தார். “என் மனசு ரொம்ப மென்மை, சார். யாராவது அழுதா என்னால தாங்க முடியாது. அதனாலதான் அழறவங்க இருக்கிற பக்கமே நான் போறதில்லை.”

செயலாளர் என்ற முறையில் நான் நடுநிலை காத்தேன்.

கஷ்டத்தில் இருப்பவன் பக்கத்தில் போய் உட்கார் என்று எல்லா வேதங்களும் சொல்கின்றன. எந்த நாற்காலியில், எவ்வளவு நேரம், பதிலுக்கு யார் உட்காருவது என்று ஒன்றுமே சொல்லவில்லை. பழைய காலத்து ஆட்கள். நிர்வாக அனுபவம் போதாது. எங்கள் குழு அந்த இடைவெளியை நிரப்பியது. பள்ளத்தாக்கு விளிம்பில் மற்றக் கூடாரங்களை விட்டுத் தள்ளி நிற்கும் ஒற்றைக் கூடாரத்தை அண்ணனுக்கே ஒதுக்கினோம். ‘தனிமைச் சிறப்புக் கூடாரம்.’ ஒலிபெருக்கி இலவசம். இருப்பதிலேயே வாடகை அதிகமான கூடாரம் அது. அன்புக்கு விலை இல்லை என்பார்கள். நாங்கள் ரசீதே வைத்திருந்தோம்.

கடைசிக் கூட்டத்தின்போது டார்ச் விளக்குகளையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு அண்ணன் மேலே வந்திருந்தார். அந்த நேரம் பார்த்து ஏரிக்கரைக் கூடார முகாமிலிருந்து போன். மேலாளர் ஸ்பீக்கரில் போட்டார்.

“சார், விளிம்புல இருக்கிற கூடாரத்துக்கு ஒரே ஒரு பேர்தான் கொடுத்திருக்கீங்க” என்றது ஓர் இளைஞன் குரல். “அதைத் தனி ஆளுக்குத் தரமாட்டோம். ராத்திரி பள்ளம் தெரியாது. இன்னொரு கட்டில்ல யாருன்னு சொன்னீங்கன்னா எழுதிக்குவேன்.”

கணக்கர் பேனாவுக்குள் மை இருக்கிறதா என்று பார்த்தார். விற்பனை அதிகாரிக்குச் செல்போனில் ஏதோ அவசரம். நான், சற்று முன் சொன்னபடி, நடுநிலை.

“என்ன சார், லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கோம், இருக்கோம்” என்றார் மேலாளர். பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, “தப்பா எடுத்துக்காதீங்கண்ணே” என்று ஆரம்பித்தார்.

அண்ணன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். “இல்ல சார். நான் வரலைன்னா எல்லாருக்கும் சுலபம்னா, நான் இங்கயே இருந்துக்கறேன்.”

“சே சே! என்ன பேச்சு இது? இந்தப் பயணமே உங்களுக்காகத்தான். நீங்க வரலைன்னாலும் உங்களுக்காகத்தான் போவோம்!”

நாங்கள் மேசையைத் தட்டினோம். அவ்வளவு உருக்கமான பேச்சை அந்த அறை கேட்டதில்லை. தட்டல் அடங்கியதும் போனிலிருந்து குரல் வந்தது.

“சார், அவருக்குத் துணைக்கு ஆள் இல்லைன்னுதானே பிரச்சனை?”

“ஆமாம்ப்பா. சமீபத்துலதான் அவரு சம்சாரம் தவறிட்டாங்க. அதான்...”

“ஐயோ.” காகிதம் புரளும் சத்தம் கேட்டது. “அவர் வரட்டும் சார். அந்தக் கட்டில்ல நான் படுத்துக்கறேன். சாயங்காலத்தோட என் வேலை முடிஞ்சிடும்.”

கணக்கர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அதுக்குத் தனிக் கட்டணமா?”

“எதுக்கு சார்?”

“படுத்துக்கறதுக்கு.”

“தூங்கறதுக்கு யாரு சார் காசு வாங்குவாங்க?”

அண்ணன் கயிற்றை மேசைமேல் வைத்துவிட்டுப் போன் அருகே குனிந்தார். கூட்டத்தில் பேச அவருக்கு அனுமதி கொடுத்ததாக எனக்கு நினைவில்லை.

“தம்பி, ராத்திரி அங்க குளிருமா?”

“நல்லா குளிரும்ணே. ஏரிக் காத்து.”

“அப்ப உனக்கும் சேர்த்து ஒரு போர்வை எடுத்துட்டு வரேன்.”

“என்கிட்ட இருக்குண்ணே. நீங்க வாங்க, போதும். தூக்கம் வரலைன்னா பேசிட்டிருப்போம்.”

“எனக்கு அவளைப் பத்தித்தான்ப்பா பேச வரும்.”

“பேசுங்கண்ணே. நான் அவங்களைப் பார்த்ததில்லையே.”

அண்ணன் தலையை ஆட்டினார். போனில் தலையாட்டுவது தெரியாது என்பதுகூட அந்த நிமிஷம் அவருக்கு மறந்துவிட்டது. பிறகு கீழே இறங்கிப் போனார். சிறிது நேரத்தில் கிடங்கிலிருந்து யாரோ ஒரு வாஷர் கேட்கும் சத்தமும், “இந்தாங்க” என்று அண்ணன் குரலும் கேட்டன. கேட்டவர் திட்டவில்லை. வாஷரே கிடைத்திருக்க வேண்டும்.

இது எங்கள் குழுவின் மாபெரும் வெற்றி. ஒலிபெருக்கியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று கணக்கர் மகிழ்ந்தார். மேலாளர் தீர்மானத்தைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: ‘துக்கத்தில் இருப்பவர் பக்கத்தில் ஓர் இரவு படுத்துக்கொள்ளும் பணி, முன்பின் தெரியாத வெளியார் ஒருவரிடம் ஒப்படைக்கப்படுகிறது. நாற்பது பேர் வேலை செய்யும் இந்த அலுவலகத்தில் அந்த வேலைக்கு ஒரு மனிதர்கூட இல்லை.’

ஏகமனதாக நிறைவேறியது. நானும் கையை உயர்த்தினேன்.