ஷட்டரை இறக்கினால்தான் யானை

கடை என்பது திறந்து வைப்பதற்காகக் கட்டப்படுவது. அங்கன்வாடிக் குழந்தைக்கும் தெரிந்த இந்த உண்மை, ஓவியம் படித்துத் தேறிய எனக்குத் தெரியாமல் போனதை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

மைசூரில், மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சின்னத் தெருவில் அப்பாவுக்குப் பாத்திரக்கடை. மால்கள் வந்தபின் அந்தத் தெருவில் எல்லோரும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் பெங்களூரிலிருந்து ஒரு கலைக்குழு வந்து இறங்கியது. தலைவர் தாடிக்காரர். எங்களை உட்காரவைத்துப் படம் காட்டினார். ஏதோ கடலோர ஊராம். மீன்பிடித் தொழில் படுத்து ஊரே காலியாகிக்கொண்டிருந்ததாம். இவர்கள் போய் வீட்டுச் சுவர்களில் ஓவியம் தீட்டியதும் கூட்டம் வந்து, டீக்கடை வந்து, ஊர் எழுந்து நின்றுவிட்டதாம். "உங்க தெருவையும் எழுப்பிடலாம்" என்றார்.

எங்கள் தெருவில் சுவரே கிடையாது. கடைக்குக் கடை ஒட்டிக்கொண்டு, முகப்பெல்லாம் ஷட்டர். எல்லோரும் முழித்தார்கள். நான் எழுந்து, "ஷட்டர் இருக்கே சார்!" என்றேன். கைதட்டினார்கள். (அந்த நேரம் பார்த்து யாராவது என் வாயில் ஒரு லட்டைத் திணித்திருக்கக் கூடாதா?)

வார விடுமுறை நாட்களிலேயே வரைந்ததால் யாருக்கும் எதுவும் உறைக்கவில்லை. அப்பா கடைக்கு இரண்டு ஷட்டர். இரண்டையும் சேர்த்து அம்பாரி சுமக்கும் தசரா யானையை நானே வரைந்தேன். தொடக்க விழா அன்று காலையில் கடைகள் திறந்தன. என் யானை சுருண்டு மேலே போய்விட்டது.

"எல்லாரும் ஷட்டரை இறக்குங்க ப்ளீஸ்!" என்றார் தலைவர்.

அப்பா என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். தசரா சீசன். போதாக்குறைக்கு, குண்டலுபேட்டை ரங்கசாமி மகள் கல்யாணத்துக்கு மொத்தச் சீர்ப் பாத்திரமும் வாங்க அன்றுதான் வருவதாகச் சொல்லியிருந்தார். அந்த ஆர்டரை நம்பித்தான் அப்பா கடையை விட்டுவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஏவாரம் ஆவற நேரத்துல கடையச் சாத்தச் சொல்றயேடா, மூளை கீளை இருக்குதா?"

"கொஞ்ச நேரம்தாம்ப்பா."

கொஞ்ச நேரம் மதியம் வரை நீண்டது. கூட்டம் வந்தது, சும்மா சொல்லக்கூடாது. படம் எடுத்தார்கள், போனார்கள். ஒரு கரண்டி வாங்க வழியில்லை. கடைக்காரர்கள் மூடிய கடைகளுக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கன்னத்தில் கை வைத்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

ரங்கசாமி தெருமுனையில் வேனை விட்டு இறங்கி எட்டிப் பார்த்தார். அப்படியே திரும்பிப் போனவர், பெரிய மாலையோடு வந்தார்.

"ஏனுங்ணா... அண்ணிங்களா?" குரல் தழுதழுத்தது.

"அவ வூட்டுல சோறாக்கிட்டிருக்கறாளுங்க!"

"அப்புறம் ஆருங்க போனது?"

"ஆரும் போகலீங்க. பொம்மை பாக்கறதுக்குக் கடையச் சாத்தியிருக்கறாங்க."

அதற்குள் தலைவர் ஓடிவந்து, மாலை தனக்குத்தான் என்று கழுத்தை நீட்டினார். ரங்கசாமி திகைத்துப்போய்ப் போட்டும்விட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். (நானும் தட்டினேன். வெட்கங்கெட்டவன்.)

அப்பா ஷட்டரைத் தூக்க ஓடினார். ரங்கசாமி கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாமுங்ணா. சாவுன்னு நெனச்சு மாலையோட மிதிச்ச வாசலுங்க. இங்க பொண்ணுக்குச் சீர் வாங்க மனசு ஒப்ப மாட்டேங்குது. தப்பா நெனச்சுக்காதீங்க."

வேன் அடுத்த ரோட்டில் இருந்த பெரிய கடைக்குப் போனது. குழு பெங்களூருக்குப் போனது. நாற்காலியில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்த அப்பாவின் படத்தை 'கலையில் கரைந்த வணிகர்' என்ற தலைப்போடு இணையத்தில் போட்டார்கள். கரைந்தது என்னவென்று எங்களுக்கல்லவா தெரியும்!

அந்த வருஷமே அப்பா கடையில் பாதியை செல்போன் கவர் விற்பவருக்கு வாடகைக்கு விட்டார். அவர் தன் பக்கத்து ஷட்டருக்கு நீலப் பெயின்ட் அடித்துவிட்டார். எங்களுக்கு மிஞ்சியது யானையின் பின்பக்கம். அதற்கும் ரசிகர்கள் உண்டு. வியாபாரம் நடக்கும்போதே வந்து, "அண்ணா, கொஞ்சம் ஷட்டரை இறக்குங்களேன், ஒரு போட்டோ" என்பார்கள். அப்பா என்னைக் கைகாட்டுவார்.

வீட்டிலும் விமோசனமில்லை. பசியோடு வந்து, "என்னம்மா குழம்பு?" என்று கேட்டால், அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமலே சொல்வாள்:

"மூடியத் தெறக்காம பாத்துக்க கண்ணு, அழகா இருக்கும்."