ஒரு குறையும் இல்லாத வீடு

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நம்மவர்கள் வீடு வாங்கத் தொடங்கி முழுதாகப் பத்து வருடம் ஆகவில்லை. அதற்குள் விற்கவும் தொடங்கிவிட்டார்கள். இந்தத் தொண்ணூறுகளின் விளைச்சலாகப் புதிதாக ஓர் இனம் தோன்றியிருக்கிறது. அதற்கு நான் 'குறையிலார்' என்று பெயர் வைத்திருக்கிறேன்.

நீங்கள் அவரைப் பார்த்திருப்பீர்கள். ஒடாஹுஹு காய்கறிக் கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டே, கூரை ஒழுகுகிறது, குளியலறைச் சுவரில் பூஞ்சணம், கூடத்தில் ஒரு கோலிக்குண்டை வைத்தால் தானாகவே அடுப்படிக்குப் போகிறது, இந்த வீட்டை என் தலையில் கட்டியவன் நல்லாயிருப்பானா என்று ஐந்து வருடமாக உங்கள் உயிரை எடுத்தவர் அவர்தான். வாசலில் 'விற்பனைக்கு' என்ற பலகை ஏறட்டும். அன்றோடு அந்த வீட்டுக்கு எந்த நோயும் இல்லை.

வீடு விற்றுத் தரும் ஏஜெண்ட் ஒரு படிவத்தை நீட்டுவார். வாங்குகிறவர் பார்ப்பதற்காக, வீட்டில் உங்களுக்குத் தெரிந்த குறைகளை எழுதித் தர வேண்டும். கூரை ஒழுகுமா? ஈரம் பிடிக்குமா? கவுன்சில் அனுமதி இல்லாமல் எதையாவது மாற்றிக் கட்டினீர்களா? நாமென்றால் தலையைச் சொறிவோம். குறையிலார் சொறிவாரா? மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டி, மேலிருந்து கீழே வரை 'இல்லை, இல்லை' என்று போட்டு, கையெழுத்தையும் வைத்து, "எங்கட வீட்டை நாங்களே குறை சொல்லுறதோ? மரியாதை இல்லையெல்லோ!" என்பார். மகளுக்குக் கலியாணம் பேசும்போதும் அவர் இப்படித்தான்.

மவுண்ட் ஆல்பர்ட் குணரத்தினம் அண்ணையை எடுங்கள். மகள் ராகவியை எப்சம் பகுதிப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காக அந்தப் பகுதியிலேயே ஒரு வீடு பார்த்து வைத்திருந்தார். இருக்கிற பழைய மரவீடு அந்த மாதத்துக்குள் விற்றால்தான் அது கிடைக்கும். மூன்று வாரமாக ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அண்ணைக்குச் சோறு இறங்கவில்லை. நாலாவது சனிக்கிழமை ஒரு சோடி வந்தது. அண்ணைக்கு முகமெல்லாம் பல். வந்தவன் யசீகரன்! இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஏழு மாதம் இதே வீட்டுக் கராஜில் வாடகைக்கு இருந்தவன். எங்கட பெடியன்தானே, கேள்வி கேட்கமாட்டான் என்று நினைத்துவிட்டார். ஏழு மாதம் அந்தக் கூரைக்குக் கீழே கிடந்தவனிடமே கூரைக்கு நற்சான்று எழுதிக் கொடுக்க நம்மவரைத் தவிர வேறு யாரால் முடியும்?

யசீகரனின் மனைவி கம்சாயினி படிவத்தை வரிவரியாகப் படித்தாள்.

"அண்ணை, கராஜை அறையாக்கினதுக்குக் கவுன்சில் அனுமதி எடுத்தனீங்களோ?"

"ஓம் பிள்ளை, எல்லாம் ஒழுங்கு. கடுதாசியில போட்டிருக்கெல்லோ."

யசீகரன் மெதுவாகச் சிரித்தான். "கவுன்சில்காரன் வந்த அண்டைக்கு என்ர கட்டிலைத் தூக்கி வேலிக்குப் பின்னால வைச்சிட்டு, புல்லு வெட்டுற மெஷினை என்ர கையில தந்து, வேலைக்காரன் மாதிரி நில்லடா எண்டனீங்களே அண்ணை?"

"அது... அது சும்மா ஒரு பாதுகாப்புக்குத் தம்பி."

"மழைக்கு ரெண்டு வாளி வைக்கிறனீங்களே, அதுவும் பாதுகாப்போ?"

அண்ணைக்கு வேர்த்துக் கொட்டியது. எப்சம் வீடு கண்ணுக்கு முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது. அவர் மனைவி சரோஜாதேவி தேத்தண்ணித் தட்டை மேசையில் டக்கென்று வைத்தாள். "போதும். திருப்பி எழுதுங்கோ" என்றாள்.

எழுதினார். கூரை, ஈரம், சரிந்த தரை, கராஜ். இனி இவர்களும் எழும்பிப் போய்விடுவார்கள், பிள்ளையின் பள்ளிக்கூடமும் போச்சு என்றே நினைத்தார். கம்சாயினி வாங்கிப் படித்தாள்.

"இவர் எனக்குச் சொன்ன குறையெல்லாம் இதில கிடக்கு. தெரிஞ்சுதான் அண்ணை வந்தனாங்கள். நீங்கள் வாய் திறக்கிறீங்களோ எண்டு பாத்தனாங்கள். திறக்காட்டில் போயிருப்பம்."

"வேற வீடெண்டால் எங்க ஒழுகுமெண்டு தேடவேணும். இது பழகின ஒழுக்கு" என்றான் யசீகரன். அன்றைக்கே பேசி முடித்தார்கள்.

அண்ணை திருந்திவிட்டார் என்கிறீர்களா? திங்கட்கிழமை எப்சம் வீட்டுக்காரர் நிரப்பிய படிவம் கைக்கு வந்தது. மேலிருந்து கீழே வரை ஒரே 'இல்லை'. அண்ணை அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. "பாத்தியே சரோஜா, ஒரு குறையும் இல்லையாம். மனுசன் கையெழுத்தே போட்டிருக்கு!"

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். ஆனால் விருந்தாளி வருகிற அன்றைக்கு மட்டும் உங்கள் வீட்டுச் சோபா ஏன் ஒரு முழம் இடப்பக்கம் நகர்கிறது? நான் ஒன்றும் கேட்கவில்லை. உங்கள் வீட்டுப் பக்கம் வந்தால், உட்காருவதற்கு முன் அதைக் கொஞ்சம் தள்ளிப் பார்ப்பேன், கோபிக்காதீர்கள்.