ஒயிலண்ணையின் நான்கு லீற்றர் தகரம்

எங்கள் கோப்பாயில் கடவுளை நம்பியவர்கள் பலர் இருந்தார்கள். எஞ்சின் ஒயில் தகரத்தின் பின்புறத்தில் அச்சிட்ட பொடி எழுத்தை நம்பியவர் ஒயிலண்ணை ஒருவர்தான்.

கப்பலில் எஞ்சின் பகுதியில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர். ஊருக்குக் கொண்டுவந்த ஒரே சொத்து, இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். எங்கள் ஒழுங்கையில் பசுமாட்டுக்கு வழிவிட்டு நிற்கும்போதும் அது பந்தயத்துக்கு நிற்பதுபோல உறுமும். அதற்குக் கண்ட ஒயிலும் விட முடியாது. காரோடு வந்த புத்தகத்தில் கார்க் கம்பனி போட்ட அங்கீகார இலக்கம் தகரத்திலும் இருக்க வேண்டும். அதுவும் சிந்தெற்றிக் ஒயிலாக இருக்க வேண்டும்.

சாவகச்சேரிக் கடைக்கு ஒருமுறை என்னையும் கூட்டிப்போனார்.

"அண்ணை, இது நல்ல சாமான். லொறிக்காரர் எல்லாரும் இதைத்தான் விடுகினம்" என்றார் கடைக்காரர்.

"லொறிக்கு விடுறதை லொறிக்கு விடும். உதிலை இலக்கம் எங்கை?"

"இலக்கம் பாத்து எடுக்க, இதென்ன பொம்பிளை பாக்கிறதே?"

"பொம்பிளை பிழைச்சாலும் சமாளிக்கலாம் தம்பி. எஞ்சின் பிழைச்சா?"

இது எப்படியோ அவருடைய மனைவியின் காதுக்குப் போனது. இரண்டு நாள் அவருடைய தேநீரில் சீனி இல்லை.

கடைசியில் கப்பல் நண்பர் ஒருவர் சரியான இலக்கத்தோடு நான்கு லீற்றர் தகரம் ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். பூதக்கண்ணாடியால் மூன்று தரம் பார்த்துவிட்டே வாங்கினார். அதை ஊற்றுவதற்குள் போரோடு பொருளாதாரத் தடை வந்தது; பெற்றோலும் ஒயிலும் குடாநாட்டுக்குள் வராமல் நின்றன. காரைக் கொட்டிலில் விட்டு, தகரத்தையும் கொஞ்சப் பெற்றோலையும் மகளின் கலியாணத்துக்கென்று ஒதுக்கினார். "என்ரை பிள்ளை என்ரை காரிலைதான் கோயிலுக்குப் போவாள்" என்பது அவருடைய சபதம்.

தகரத்தை என் வீட்டுப் பதுங்குகுழியில் வைத்தார். நான் இரசாயனம் படிப்பித்தவன். "மாஸ்டர், உமக்குத்தான் உதின்ரை அருமை விளங்கும்" என்றார்.

நன்றாகவே விளங்கியது. அந்த வருடம் என் வெங்காயத் தோட்டம் வாடியது. தண்ணீர் இறைக்கும் மிசினுக்கு விட எங்கும் ஒயில் இல்லை. அயலுக்குள் சீனி, தேயிலை கைமாற்று வாங்குவதில்லையா? அப்படி நினைத்து ஒரு போத்தல் எடுத்தேன். பிறகு இன்னொன்று. வெங்காயம் விளைந்து கிண்டி எடுக்கும்போது தகரத்தில் ஒயில் இருக்கவில்லை.

திருப்பி வைக்கக் குடாநாடெங்கும் ஒரு துளி இல்லை. ஆமணக்கெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து, பாடசாலை ஆய்வுகூடத்திலே நிறமும் தடிப்பும் பார்த்து நிரப்பினேன். நான் கற்ற விஞ்ஞானத்தை அவ்வளவு கவனமாக வேறெதற்கும் பயன்படுத்தியதில்லை. அதுதான் வெட்கம்.

கலியாணத்துக்கு முதல்நாள் ஒயிலண்ணை தகரத்தைத் திறந்து மணந்து பார்த்தார். பக்கத்தில் பெண்கள் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சீ, இண்டைக்கு எதை மணந்தாலும் முறுக்குத்தான்" என்று சொல்லி ஊற்றினார்.

மறுநாள் கார் அரை மைல் ஓடியது. பிறகு ஒரு கிறீச்சிடல், ஒரு இடி. எஞ்சின் இறுகிவிட்டது. மணப்பெண் பட்டுச்சேலையோடு மாமனின் சைக்கிள் பாரில் ஏறினாள்.

"அப்பா, வாங்கோ. சைக்கிளுக்கு ஒயில் பாக்கத் தேவையில்லை" என்று சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

அன்று பின்னேரம் புத்தகத்தோடும் வெறுந்தகரத்தோடும் என்னிடம் வந்தார்.

"மாஸ்டர், நான்தான் பிழையாத் தெரிஞ்செடுத்திட்டன் போலை. ஒருக்கா நீர் வாசிச்சுச் சொல்லும்."

இரண்டையும் பார்த்தேன். ஓர் எழுத்தும் மாறவில்லை. உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வராது.

"அச்சு மங்கிப்போச்சு அண்ணை. சரியோ பிழையோ தெரியேல்லை" என்றேன்.

"ஓம், கண் பிழைச்சுப்போச்சு" என்றார். பூதக்கண்ணாடியை அங்கேயே விட்டுவிட்டுப் போனார். அதன்பிறகு கடையில் சவர்க்காரம்கூட அவர் தெரிந்தெடுத்து நான் காணவில்லை. "எதையும் தாரும் தம்பி" என்று கையை நீட்டுவார். தொண்ணூற்றைந்தில் சண்டை நெருங்கி எல்லோரும் இடம்பெயர்ந்தபோது, கொடிகாமத்தில் ஒரு பாடசாலை வகுப்பறையில் காலமானார். அதுவரை பக்கத்துப் பாயில் படுத்திருந்தும் நான் வாய் திறக்கவில்லை.

இலக்கம் சரி, அண்ணை. உங்கடை கண்ணும் சரி.